அவர் சொல்ல வேண்டிய பாதி

என் படம் ஃப்ளெக்ஸில் இருக்கிற சேதியை எனக்குச் சொன்னவள் மீன்காரி ராஜாத்தி. "அக்கா, பஸ் ஸ்டாண்டுல ஒங்க மூஞ்சி இருக்கு. செத்துகித்துப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். ஒரு காதணி விழாவுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் கோட்டு சூட்டோடு என் வீட்டுக்காரர் நின்றார், பக்கத்தில் நான். ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். என் கழுத்துச் சங்கிலியில் கிடக்கும் மாதா சுரூபத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் "குடும்பமாய் ஞானஸ்நானம்". கீழே "பாஸ்டர் சகாயநாதன் அவர்களின் பதினெட்டாம் ஆண்டு ஊழிய விழா. இடம்: புது ஆற்றங்கரை".

எனக்கு ஞானஸ்நானம் ஆகி ஐம்பத்தாறு வருஷமாகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி விண்ணரசி என்று பேர் வைத்தார்கள். அதெல்லாம் செல்லாதாம். ஆற்றில் முழுசாக முங்கி எழுந்தால்தான் சேர்த்தியாம். இதைச் சொல்கிறவரும் அதே கோயிலில், அதே சாமியார் கையால், தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "யாரைக் கேட்டு என் படத்தைப் போட்டீங்க?"

"சென்னையிலேருந்து தலைமைப் பாஸ்டர் வராரு, அரசி. ஊழியக்காரன் பொண்டாட்டியே இன்னும் கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்கான்னா அவரு என்ன நெனப்பாரு?"

"மெழுகுவத்தி ஏத்துறான்னு நெனப்பாரு."

அவர் சிரித்த முகமாக மாடிக்குப் போய்விட்டார். இந்தச் சிரிப்பை அவர் ஊழியத்துக்கு வந்த பிறகு பழகிக்கொண்டார். எதிரே இருக்கிறவன் என்ன திட்டினாலும் தனக்கு உள்ளே சமாதானம் இருக்கிறது என்று காட்டுகிற சிரிப்பு. அதைப் பார்த்தால் எனக்குக் கையில் இருப்பதைத் தூக்கி எறியலாம்போல இருக்கும்.

நான் வேத விசாரணை பண்ணுகிறவள் இல்லை. யார் கடவுள் பெரியவர் என்ற சண்டையும் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடம். அங்கே கிழக்கு மூலையில், புங்க மரத்தடியில், என் பிள்ளை ஆன்டோ படுத்திருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில்தான் நான் படுக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் இந்த உலகத்தில் எனக்கு மிச்சமில்லை. எங்கள் பங்குச் சாமியாரோ பூசையில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: வெளியே போய் முங்கினவர்களுக்குத் தோட்டத்தில் இடம் கிடையாது. வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் ஒரு பிரேதத்தை வாசல் கேட்டோடு திருப்பி அனுப்பியதை நானே நின்று பார்த்தேன்.

ஆக, ஆற்றில் ஒரு முங்கு போட்டால் என் பிள்ளையிடம் போக முடியாது. இது சகாயநாதனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஃப்ளெக்ஸ் அடித்தார்.

நான் கட்டிக்கொண்டபோது அவர் பாஸ்டர் இல்லை. ஒரத்தநாடு கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் எந்த வயலில் மோட்டார் படுத்தாலும் சைக்கிள் அனுப்பி இவரைத்தான் கூப்பிடுவார்கள். நாற்று காய்கிற நேரத்தில் மோட்டாரை ஓடவைத்துவிட்டு வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் இவரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். சட்டையெல்லாம் கிரீஸ், நகமெல்லாம் கறுப்பு. வாயைத் திறந்தால் நக்கல். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போது சொல்ல எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்தக் கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் நான் காப்பி கொண்டு போவேன். கடையை எடுத்துவைப்பதற்கு முன் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்வோம். கத்தோலிக்க வீடுகளில் இதை ஒருத்தரே முழுசாகச் சொல்வதில்லை. ஒருத்தர் முதல் பாதி சொன்னால் மற்றவர் இரண்டாம் பாதி சொல்ல வேண்டும். நான் "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று தொடங்குவேன். இவர் தலையை நிமிர்த்தாமல் காயில் சுற்றிக்கொண்டே "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று முடிப்பார். கை வேலை பார்க்கும், வாய் தன்பாட்டுக்குச் சொல்லும். மூன்றாவது முடிந்ததும், மரித்தவர் ஒருத்தர் பேரை அவர் சொல்ல வேண்டும். தினமும் ஒரே பேர்தான் வரும்: "எங்கப்பா சூசையோட ஆத்துமத்துக்காக." பிறகு ஷட்டரை இழுப்பார்.

தொண்ணூறு தாண்டியதும் ஊருக்குக் காற்று வேறு பக்கம் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து புது மோட்டார்கள் வந்து இறங்கின. பழசுக்குக் காயில் கட்டுவதைவிடப் புதுசு வாங்கலாம் என்றார்கள். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்தது, அதற்குப் பக்கத்திலேயே விசா ஏஜெண்ட் வந்தான். அதிராம்பட்டினத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறுகிறவர்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு அப்போதுதான் அந்த ஆசை பிடித்தது. தெருவுக்கு இரண்டு பாஸ்போர்ட். இவரும் கிளம்பினார். ஆன்டோவுக்கு நாலு வயசு, தங்கச்சி ஆஷ்லின் கைக்குழந்தை. குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை.

ஆன்டோவுக்கு ஏழு வயசு நடக்கும்போது காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நேர்ச்சைக்கு எடுத்த மஞ்சள் துணி அவன் தலைமாட்டில் இருக்கும்போதே போய்விட்டான். இவருக்குத் தகவல் சொன்னோம். அங்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக என் அண்ணன்தான் வந்தான். எஸ்.டி.டி. பூத்தில் அவரோடு பேசும்போது அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் அழுதேன். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது.

கோபம் அவர் திரும்பி வந்த பிறகு வந்தது. ஆள் வேறாக வந்தார். குவைத்தில் ஒரு அறையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாராம். வந்த முதல் வேலையாக அலமாரியிலிருந்த மாதா சுரூபத்தை எடுத்துத் துணியில் சுற்றினார். நான் பிடுங்கி அடுப்பங்கரையில் வைத்தேன். அன்றிலிருந்து அடுப்பங்கரை எனக்கு, மாடி அவருக்கு. மாடியில் தகரக் கொட்டகை போட்டுச் சபை ஆரம்பித்தார். மோட்டார்ச் சாமான்களைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார்.

சபை என்றால் சாட்சி சொல்ல வேண்டும். நான் எப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை எப்படித் தூக்கினார் என்று மேடையில் நின்று சொல்வதுதான் சாட்சி. எவ்வளவு கெட்டு, எவ்வளவு அடிபட்டு வந்தவனோ அவ்வளவுக்கு மரியாதை. இவரிடம் பெரிதாகக் கெட்டுப்போன கதை எதுவும் கிடையாது. பீடி குடித்ததுகூடக் கிடையாது. அதனால் என் பிள்ளையை எடுத்துக்கொண்டார். "கிரீஸிலும் அந்தகாரத்திலும் கிடந்தேன். என் வீட்டிலிருந்த விக்கிரகத்தினிமித்தம் கர்த்தர் என் குமாரனை எடுத்துக்கொண்டார். அந்த அடியிலேதான் நான் திரும்பினேன். என் மனைவியோ இன்னும் கல்நெஞ்சுக்காரியாய் இருக்கிறாள், அவளுக்காக ஜெபியுங்கள்." ஞாயிறுதோறும் ஸ்பீக்கரில். நான் பூசை முடிந்து வந்து கீழே மீன் ஆய்ந்துகொண்டிருப்பேன். மேலே என் பிள்ளை சாவான், அல்லேலூயா என்பார்கள்.

நான் கும்பிட்டதால் பிள்ளை செத்தான் என்று ஒரு மனுஷன் பதினெட்டு வருஷமாக ஊருக்குச் சொல்கிறார். அவருக்குத்தான் நான் சோறு பொங்கிப் போடுகிறேன். ஏன் பொறுத்துக்கொண்டாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அந்த ஆள் அதை மனசார நம்புகிறார் என்று நினைத்தேன். நம்பிக்கை பிடித்த ஆளோடு என்ன வழக்காடுவது? பைத்தியம் பிடித்தவனை வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லையா, அப்படி.

விழாவுக்கு ஆஷ்லின் தோஹாவிலிருந்து தன் பெண் குழந்தையோடு வந்தாள். அங்கே நர்ஸ். எந்தக் கோயிலுக்கும் போகிறவள் இல்லை, அப்பாவுக்குப் பரிந்தும் பேச மாட்டாள், எனக்குப் பரிந்தும் பேச மாட்டாள், நடுவில் நின்று தலைவலிக்குது என்பாள்.

"அம்மா, ஒரு தடவ முங்கிட்டுதான் போயேன். தண்ணிதானே. அப்பாவுக்கு வயசாவுது. நாலு பேர் முன்னால அவரு அசிங்கப்படணுமா?"

"என்னை எங்க புதைப்பீங்க?"

"என்னம்மா இப்பவே அதப் பேசுற."

"இப்ப பேசாம, பொதைச்சப்புறமா வந்து பேசவா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. சரி, வருகிறேன் என்றேன். வருகிறேன் என்றுதான் சொன்னேன். இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அப்பாவிடம் போய் அம்மா சம்மதிச்சுட்டாங்க என்று சொல்லிவிட்டாள். காரில் போகும்போதும் நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. பேத்தி மடியில் உட்கார்ந்து என் சங்கிலியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது.

போய் இறங்கினால் புது ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்லணையிலிருந்து வருகிற அந்தக் கால்வாயில் அந்த வருஷம் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஒரு வாரம் எங்கள் பக்கம், அடுத்த வாரம் வேறு பக்கம். நாற்று விட்டவன், விடாதவன், டீக்கடையில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சு பேசுகிறவன், எல்லாருக்கும் எந்த நாள் யாருக்கு முறை என்று மனப்பாடம். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் முருகையனைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். சென்னைப் பாஸ்டர் தேதி கொடுத்தார், இவர் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். இந்த மண்ணில் பிறந்து, தண்ணீர் இறைக்கிற மோட்டாரிலேயே கை பழகினவருக்கு, ஆற்றில் தண்ணீர் வருமா என்று கேட்கத் தோன்றவில்லை. முருகையன் கரையில் சைக்கிளோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்துதான் மூடுனோம். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்புடாதா?" என்றார் பொதுவாக.

சபையின் மூத்த விசுவாசி ரெத்தினம். ஒரு காலத்தில் பண்ணை வேலைக்குப் போன குடும்பம், இப்போது கரையை ஒட்டி அவருக்குச் சொந்த வயல், சொந்த போர்வெல். அவர் ஓடியாடி வயல் மூலையில் ஜேசிபி விட்டுக் குழி எடுத்து, தார்பாலின் விரித்து, மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. பந்தலில் ஊர்ப்பட்ட கூட்டம். வெள்ளை உடுப்போடு முங்க வேண்டியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தியிருந்தார்கள்.

இவர் அப்போதுதான் சாட்சி சொல்லி முடித்திருந்தார். ஆன்டோ அன்றைக்கும் ஒருமுறை செத்திருந்தான். சென்னைப் பாஸ்டர் எழுந்து, தண்ணீர் வரும்வரை எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிப்போம் என்றார். பந்தல் அமைதியானது. ரெத்தினம் வந்து இவர் காதில் ஏதோ சொன்னார். இவர் எழுந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் இருந்த மோட்டார்க் கொட்டகைக்குப் போனார். போனவர் திரும்பி "அரசி" என்று கூப்பிட்டார். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுவாரே, அந்தக் குரல். அதைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அத்தனை பேர் நடுவில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அது மேல் என்று எழுந்து போனேன்.

கொட்டகையில் அவர் முழங்கால் போட்டு மோட்டாரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "காத்து வாங்குது. கிளாண்டுக் கயிறு செத்துப்போச்சு" என்றார். ரெத்தினத்தைச் சாணி கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். பம்பில் சாணித் தண்ணீர் ஊற்றினால் காற்று புகுகிற சந்தெல்லாம் அடைபட்டுத் தண்ணீரை இழுக்கும். பம்புத் தண்டைச் சுற்றி அடைத்திருந்த பழைய கயிற்றை நோண்டி எடுத்து, புதுக் கயிற்றைக் கிரீஸில் புரட்டித் திணிக்க ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை மணிக்கட்டுவரை கறுத்துப்போனது. நெற்றியில் சாணி. அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, வேலையில் இருக்கிற மனுஷன் முகம். நான் குவளையால் சாணித் தண்ணீரை மேல் துவாரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரெத்தினம் குழியைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவர் சட்டைக் காலரில் மைக் இருந்தது. இடுப்பில் சொருகியிருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாட்சி சொல்லி முடித்தவர் அதை அணைக்கவில்லை. பக்கத்தில் ஜெனரேட்டர் இரைந்ததால் பந்தலில் என்ன கேட்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் இங்கே பேசுவது அங்கே கேட்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்தேன். பதினெட்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை யோசித்தேன். குவளையைச் சாய்த்துக்கொண்டே, கடையில் சொல்லுகிற அதே ராகத்தில் தொடங்கினேன்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே…"

அவர் நிமிரவில்லை. கை கயிற்றைத் திணித்துக்கொண்டிருந்தது. நான் முதல் பாதியை முடித்ததும் வாய் தன்பாட்டுக்கு வாங்கிக்கொண்டது. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே…" ஒரு சொல் பிசகவில்லை. மாட்டினாயா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மாதாவை விக்கிரகம் என்று முழங்கிய அதே ஸ்பீக்கரில் மாதாவுக்கு மந்திரம் ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். இரண்டாவதைச் சொன்னேன். நட்டை முறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். மூன்றாவதைச் சொன்னேன். சொல்லி முடித்தார்.

இனி அவர் பேர் சொல்ல வேண்டும். அப்பா சூசை பேர் வரும் என்று காத்திருந்தேன்.

"எம்புள்ள ஆன்டோவோட ஆத்துமத்துக்காக" என்றார்.

குவளையைக் கீழே வைத்தேன். குனிந்து, அவர் இடுப்பிலிருந்த பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு அணைந்தது. அந்தப் பேர் அவர்களுக்கு இல்லை.

ஆன்டோ போனபோது இவர் குவைத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். அவன் செத்த பிறகு நாங்கள் சேர்ந்து ஒரு மந்திரம்கூடச் சொன்னதில்லை. அப்படியென்றால் சூசை இருந்த இடத்தில் ஆன்டோவை வைத்துச் சொல்ல இந்த வாய் எங்கே பழகியது? ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற பழக்கமா இது?

அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"ஆன்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா. நீங்க எப்பலேருந்து சொல்றீங்க?"

அவர் கிரீஸ் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "குவைத்துலேருந்து. தனியாதான். ரெண்டு பாதியும் நானே சொல்லிப்பேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"அப்பறம் மேடையில சொல்றது?"

"அரசி, மேடையில வேற என்னத்தச் சொல்றது? எனக்கு வேற என்ன நடந்துருக்கு சொல்லிக்க?" துணியைக் கீழே போட்டார். "நான் செத்தா என்னை எங்க வைப்பாங்க?"

அவர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். மோட்டார் உறுமி, இருமி, சாணித் தண்ணீரைத் துப்பிவிட்டு, நல்ல தண்ணீரைக் குழாய் நிறையத் தள்ளியது.

பந்தலுக்குள் போனபோது எல்லாரும் கண்ணைத் திறந்து எங்களையே பார்த்தார்கள். ஆஷ்லின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். அவள் அழுதிருப்பது தெரிந்தது. அவளுக்கு அவள் அண்ணன் முகம் நினைவிருக்காது. சென்னைப் பாஸ்டர் மட்டும் பதறவில்லை. இப்படி எத்தனையோ பார்த்தவர்போல இவரைத் தோளில் தட்டி, ஒரு மைக்கைக் கையில் கொடுத்து, "பழைய அடிமைத்தனம் பாஸ்டர், சில நேரம் வாயில வந்துடும். ஒரு வார்த்தை சொல்லி முடிச்சுடுங்க" என்றார்.

இவர் மைக்கை வாங்கினார். கறுத்த கை மைக்கில் பட்டது. என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் நான் நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மனுஷன் இப்போது உண்மையைச் சொல்லப்போகிறார் என்று.

"பிரியமானவர்களே" என்றார். அந்தச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "சத்துரு என் மனைவியின் வாயைப் பயன்படுத்தி என்னைச் சோதித்தான். பழைய பழக்கம். மன்னியுங்கள். கர்த்தர் தண்ணீரைக் கொடுத்துவிட்டார், பாருங்கள்."

அல்லேலூயா என்றார்கள். இவர் முழங்கால் தேய்த்துக் கொண்டுவந்த தண்ணீரையும் கர்த்தர் பேரில் எழுதியாயிற்று. என் பிள்ளையை மறுபடியும் தள்ளியாயிற்று.

எத்தனையோ நாள் எனக்கு அவர் மேல் கோபம் இருந்திருக்கிறது. அதெல்லாம் கோபமே இல்லை என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது. நம்பித்தான் சொல்கிறார் என்று நினைத்து அத்தனை வருஷம் பொறுத்தேன். அவர் நம்பவே இல்லை. தினமும் ஒளிந்து ஒளிந்து அவனுக்காக வேண்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மேடையேறி அவனை விற்றிருக்கிறார். கீழ்த்தளத்தில் நான் தனியாக அழுதேன், மாடியில் அவர் தனியாக அழுதிருக்கிறார். ஒரு படிக்கட்டு இறங்கி வந்து, நானும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"சகோதரி விண்ணரசி முதலாவதாக இறங்குவார்" என்றார் சென்னைப் பாஸ்டர்.

தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தேன். "நான் எறங்கல" என்றேன். மைக் இல்லாமலேயே கேட்டது. "எம்புள்ள பக்கத்துலதான் என்னை வைக்கணும். இவருக்கும் அங்க போகத்தான் ஆசை. வேணும்னா இவரையே கேட்டுப் பாருங்க."

யாரும் கேட்கவில்லை. இவர் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கரையேறினேன். முருகையன் சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார். ஆஷ்லின் பின்னால் வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, "அண்ணனை எங்கம்மா வச்சிருக்கு? எனக்குக் காட்டு" என்றாள். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அதைக் கேட்டாள். கூட்டிப்போய்க் காட்டினேன்.

இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மாடியில் சபை நடக்கிறது. சாட்சியில் ஆன்டோ வருவதில்லை. குவைத்தில் விபத்தில் தப்பிய கதை ஒன்று புதிதாக வருகிறது. நடந்ததா என்று நான் கேட்கவில்லை. சாயங்காலமானால் அடுப்பங்கரையில் மெழுகுவத்தியைக் கொளுத்திவைத்து, மாடிப்படிவரை கேட்கிற மாதிரி முதல் பாதியைச் சத்தமாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இரண்டாம் பாதியை நான் சொல்வதில்லை. மூன்று தடவை அப்படி நிறுத்துவேன். மேலே நடந்துகொண்டிருக்கும் காலடிச் சத்தம் அப்போதெல்லாம் நின்றுவிடும். பிறகு அவர் சாப்பிட இறங்கி வருவார், நான் சோறு போடுவேன், தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

சாமியாரிடம் போய் ஆன்டோவுக்கு வலது பக்கம் எனக்கு என்று சொல்லிவைத்துவிட்டேன். இடது பக்கமும் காலியாகத்தான் இருக்கிறது. அது யாருக்கு என்று சாமியார் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சொல்ல வேண்டியவர் வந்து சொல்லட்டும்.